இனி விடலாம்

பகலில் என் வேலை
மூச்சை நிறுத்தச் சொல்வது.
ரொசாரியோ மருத்துவமனையின் நிலவறையில்
ஈயக் கதவுக்கு இப்பால் நின்று
ஒலிபெருக்கியில் சொல்வேன்:
இழுங்கள். பிடியுங்கள். அசையாதீர்கள்.
ஒரு விநாடிக்கும் குறைவு.
இனி விடலாம்.
நாளொன்றுக்கு அறுபது மார்புகள்.

வியாழன் இரவுகளில் டாங்கோ.
ரயில்வே ஊழியர் சங்கத்து மாடியில்
கல் பெயர்ந்த தரை,
கோப்பைகளில் எலுமிச்சைச் சோடா,
சுவரோரம் நாற்காலிகள்.
கண்ணால்தான் அழைப்பார்கள்;
தலையசைத்துவிட்டால் எழுந்தாக வேண்டும்.

ரெமிகியோ பெல்த்ராமே என் பக்கம் பார்க்கும்போதெல்லாம்
நான் கைப்பைக்குள் எதையோ தேடுவேன்.

நல்ல மனிதர்.
துறைமுகத்தில் சோயா லாரிகளை
எடைமேடையில் ஏற்றி இறக்குகிறவர்.
தாளம் ஒருநாளும் தப்பியதில்லை.
அதுதான் சிக்கல்.
இசையின் ஒவ்வோர் அடிக்கும் காலின் ஓர் அடி,
ரசீது கிழித்துக் கொடுப்பதுபோல.
வயலின் கெஞ்சினாலும்
பியானோ கேலி செய்தாலும்
லாரி வந்தது, லாரி போனது.
ஆட்டம் முடிகையில்
என் எடை எவ்வளவென்று அவருக்குத் தெரிந்திருக்கும்,
பாட்டுக்கு என்ன வேண்டியிருந்தது என்று தெரிந்திருக்காது.

"இசைக்கு ஆடுவது வேறு,
இசையை ஆடுவது வேறு"
என்பாள் எடெல்மா.
சொல்லிவிட்டு அவளும் கைப்பைக்குள் தேடுவாள்.

ஜூலையில் ஒரு வியாழன்.
பராணா ஆற்றிலிருந்து ஏறிய பனி
ஜன்னல்களை மூடியிருந்தது. ஆள் குறைவு.
அன்று பார்த்து என் பையை மேலங்கியோடு
வாசலில் கொடுத்துவிட்டிருந்தேன்.
தேட இடமில்லை. தலையசைத்தேன்.

முதல் பாட்டின் நடுவில்
அவருடைய இடது காலணி வாய்பிளந்தது.
தூக்கி வைத்தால் அடித்தோல் தரையை அறைகிறது,
இழுத்தால் மடங்குகிறது.
நிறுத்திக்கொள்ளலாமா என்றேன்.
பதில் இல்லை.
காலை எடுக்கவே பயந்துபோயிருந்தார்.
எட்டு அடி வைக்கும் இடத்தில் மூன்று.
பிறகு இரண்டு.
பிறகு அந்த இடம் வந்தது:
பாண்டோனியோன் தன் மடிப்புகளை அகல விரித்து
சுரம் எதுவும் சொல்லாமல்
வெறும் காற்றை மட்டும் உள்ளிழுக்கும் இடம்.
அந்த இசைத்தட்டில் அது எப்போதும் இருந்ததுதான்.
நாங்கள் எல்லோரும் அதன்மேல் நடந்து
போய்க்கொண்டே இருந்திருக்கிறோம்.

அவர் நின்றார்.

மெய்யின் தலையில் ஒரு புள்ளி விழுந்தது.
முழு எடையும் வலது காலில்.
என் ஐந்தாம் விலாவுக்கு நேராக அவருடைய ஆறாவது.
இரண்டு மார்புகளும் நிறைந்து,
யாரும் விடவில்லை.

எத்தனை ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன் அதை.
எனக்கு யாரும் சொன்னதில்லை.

வயலின் தாமதமாக வந்தது.
அதற்கும் சற்றுத் தாமதமாக அவர்
இடது காலை இழுத்தார்.
கிழிந்த தோல் சர்ரென்று தரையில் உரசியது;
அந்தக் குழுவில் இல்லாத வாத்தியம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
அதையும் கேட்டார் போலிருக்கிறது,
சிரிப்பின் நீளத்துக்கு ஒரு திருப்பம் போட்டார்,
அதிகமும் இல்லை, குறைவும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை முதல் ஆள் ஒரு பேருந்து ஓட்டுநர்.
பிடியுங்கள் என்றேன்.
படம் விழுந்த பிறகும்
விடச் சொல்ல மறந்து நின்றேன்.
கண்ணாடிக்கு அப்பால் அவர் முகம் சிவந்து
விழிகள் என்னைத் தேடின.

அடுத்த வாரம் ரெமிகியோ
காலணியைத் தைத்துக்கொண்டு வந்தார்.
கெட்டித் தையல்.
லாரி வந்தது.
லாரி போனது.
கைப்பை மடியிலேயே இருந்தும்
நான்தான் தலையசைத்திருந்தேன்.
மூன்றாம் பாட்டு அதே பாட்டு.
அந்தக் காற்று வந்தபோது
என் முதுகிலிருந்த அவர் விரல்கள்
எண்ணுவதை விட்டன.

கால்கள் நிற்கவில்லை.
விரல்கள் நின்றன.